கன்டெய்னர் விழுந்தால் பழி கடலுக்கு மட்டும்தானா?

கப்பலிலிருந்து கன்டெய்னர்கள் கடலில் விழுந்தால் ‘மோசமான வானிலை’ என்று செய்தியில் ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். வானிலை மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் சரக்கை அடைத்தவர் தாளில் எழுதிய எடையை யாரும் கேட்பதில்லை.

மேல்தளத்தில் ஒரு பெட்டியை இன்னொன்றோடு பிணைப்பது நான்கு மூலையிலும் உள்ள ட்விஸ்ட்லாக் என்ற முறுக்குப் பூட்டு. கூடவே குறுக்காகப் போடும் லாஷிங் ராட் என்ற இரும்புக் கம்பி, அதை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள். ராட் எட்டுவது கீழ் இரண்டு, மூன்று அடுக்குவரைதான். லாஷிங் பிரிட்ஜ் (பெட்டி வரிசைகளுக்கு நடுவே நிற்கும் இரும்பு மேடை) இருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே. அதற்கும் மேல் ட்விஸ்ட்லாக்தான் கதி. அதனால்தான் கனமானதைக் கீழேயும் லேசானதை மேலேயும் வைத்துத் திட்டம் போடுகிறார்கள். 8 டன் என்று எழுதிய பெட்டி 20 டன்னாக இருந்து ஆறாவது அடுக்கில் ஏறிவிட்டால்? கப்பல் உருளும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு கீழ்ப்பெட்டியின் மூலைத்தூண்களில் இறங்கும். தூண் மடங்கினால் அந்தச் செங்குத்து வரிசையோடு நிற்காது, பக்கத்து வரிசையையும் சாய்த்துக்கொண்டுதான் போகும்.

2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் ‘எம்எஸ்சி நாப்போலி’ என்ற கன்டெய்னர் கப்பலின் உடல் விரிசல் விட்டது. பிறகு தளத்திலிருந்த சுமார் 660 பெட்டிகளை எடை போட்டார்கள். 137 பெட்டிகளில் தாளில் இருந்த எடைக்கும் நிஜ எடைக்கும் வித்தியாசம் 3 டன்னுக்கு மேல்! முக்கியக் காரணம் உடலின் வலிமைக் குறைவுதான் என்றாலும், தாளில் இருக்கும் எடை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது அன்று அம்பலமானது.

2016 ஜூலை 1 முதல் சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதிப்படி, சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது. வழி இரண்டு. அடைத்த பெட்டியை அப்படியே எடை போடலாம்; அல்லது சரக்கு, அதை அடுக்கும் பேலட் பலகை, நகராமல் வைக்கும் முட்டுக்கட்டை எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போட்டு, கதவில் எழுதியிருக்கும் காலிப்பெட்டி எடையைக் கூட்டலாம். கோளாறு பெரும்பாலும் இரண்டாவதில்தான். காலிப்பெட்டி எடையை விட்டுவிடுவார்கள். 20 அடிப் பெட்டி என்றால் அதுவே 2 டன்னுக்கு மேல். முதல் வழியிலும் பொறி உண்டு: ஒரே டிரெய்லரில் இரண்டு 20 அடிப் பெட்டி வந்தால், மொத்தத்தைப் போட்டுப் பாதியாகப் பிரிப்பது செல்லாது.

கிரேனில் எடை தெரியுமே என்பார்கள். தெரியும், ஆனால் அதற்குள் அடுக்குத் திட்டம் முடிந்து, பெட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாரும் திட்டத்தை மாற்றப்போவதில்லை. துறைமுக வாசலிலேயே ஒவ்வொரு பெட்டியையும் எடை போட்டு, தாளோடு ஒத்துவராததை அங்கேயே நிறுத்தி, தாமதச் செலவை அடைத்து அனுப்பியவர் தலையிலேயே கட்ட வேண்டும்.