ஒரே குளம், ரெண்டு சேனல்

எங்கள் ஊர் பேக்கரியில் ஒரு டிவி இருக்கிறது. இப்போது அதில் பழைய பாட்டு மட்டும்தான் ஓடும். முன்பு செய்தி ஓடியது. ஒருத்தர் உள்ளே வந்ததும் "ஏனுங்க, இந்தக் கட்சிக்காரன் சேனலத்தான் வெப்பீங்களா?" என்பார். மாற்றி வைத்தால் இன்னொருத்தர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். பொறுத்துப் பார்த்த கடைக்காரர் ரிமோட்டைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

எங்கள் வீட்டுக்குக் கல்லாப்பெட்டி இல்லை. மாமா அதிமுக, மாமா பையன் திமுக. அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வந்தபோது இருவரும் ஒன்றாகத்தான் கரையில் நின்று பார்த்தார்கள். அறுபது வருடத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு ஓய்ந்த தண்ணீர். காலிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டி உபரியாகப் போகும் பவானி ஆற்று நீரை மோட்டார் வைத்து ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்கு விடும் திட்டம். 2019-ல் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார், 2024 ஆகஸ்டில் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ரெண்டும் நடந்ததுதான். ஆனால் மாமா பார்க்கும் சேனலில் திட்டம் அடிக்கல்லோடு முடிந்துவிடும். மச்சான் போனில் அது திறப்பு விழாவில்தான் பிறக்கும். பக்கத்து ஊர்க் குட்டைக்கு ஏன் இன்னும் தண்ணீர் ஏறவில்லை என்பது ரெண்டிலும் வராது. அந்தச் செய்தியால் யாருக்கு என்ன லாபம்?

அந்தக் காலத்தில் மட்டும் கட்சிச் சண்டை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. எம்ஜிஆர்-கருணாநிதி என்று பொண்ணு கொடுக்காத வீடெல்லாம் உண்டு. ஆனால் டீக்கடைக்கு வருவது ஒரே பேப்பர். அதைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். பிடிக்காத செய்தியும் கண்ணில் பட்டே தீரும். 1993-ல் சன் டிவி, 1999-ல் ஜெயா டிவி, 2007-ல் கலைஞர் டிவி என்று வந்த பிறகு வேண்டாததைப் பார்க்காமலே காலத்தை ஓட்ட முடிந்தது. போன் வந்ததும் சேனல் மாற்றும் வேலைகூட மிச்சம்.

இந்தச் சேனல்கள் எல்லாவற்றுக்கும் பிடித்த ஒரு சொல் எனக்கு ஆகவே ஆகாது. கோட்டை. 2021 சட்டமன்றத் தேர்தலில் கோவை மாவட்டத்தின் 10 தொகுதியும் அதிமுக அணிக்குப் போனது. சரி, கோட்டை. அடுத்த பிப்ரவரியில் கோவை மாநகராட்சியின் 100 வார்டில் 96 திமுக அணிக்கு. பத்து மாதத்தில் ஊரே மனசு மாறிவிட்டதா என்ன? கொஞ்சம் பேர் மாறியிருப்பார்கள். மீதி, ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே முழுத் தொகுதி என்ற கணக்கின் வேலை. 2021-ல் கோவை தெற்கில் வானதி சீனிவாசன் கமல்ஹாசனை வென்றது 1,728 ஓட்டில். மூன்றாவதாக வந்த காங்கிரஸ்காரரும் நாற்பதாயிரத்துக்கு மேல் வாங்கினார். ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஜெயித்தவருக்குப் போடவில்லை. இதற்குப் பெயர் கோட்டையாம். தோற்றால் தன் பேச்சை எடுக்கவே ஆளில்லை என்றால், எதிர்க்கட்சிக்காரனைப் பார்த்ததும் எவனுக்கும் எரிச்சல்தான் வரும்.

நம் பக்கத்து ஆட்கள் இதை ஒருமுறை சொல்லிக் காட்டினார்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். தங்கள் குறையைக் கேட்க ஆளில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனு போட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டிவந்தது, தேர்தலே தள்ளிப்போனது. அந்த ஆண்டே டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். அந்தத் தேர்தலில் ஜெயித்த சுப்புலட்சுமி ஜெகதீசன் 2021-ல் அதே தொகுதியில் வெறும் 281 ஓட்டில் தோற்றார். ஜெயித்தது பாஜக. அன்று ராத்திரி மொடக்குறிச்சியும் யாருடைய கோட்டையாகவோ ஆகியிருக்கும்.

போன மாதம் மாமாவும் மச்சானும் ஒரே வண்டியில் அந்தப் பக்கத்து ஊர்க் குட்டைக்குப் போனார்கள். சின்னம்மா வீட்டுத் தென்னந்தோப்பு அங்கேதான் காய்கிறது. குழாய் வந்து நிற்கும் இடத்தைப் பார்த்தார்கள், காய்ந்து கிடந்த குட்டைக்குள் இறங்கி நடந்தார்கள், யாரிடம் மனு கொடுப்பது என்று பேசிக்கொண்டே திரும்பினார்கள். வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் ஆளுக்கொரு மூலையில் போனை எடுத்து உட்கார்ந்தார்கள்.