அந்தப் படத்தோடு பொபி ஓரின் ஆட்டம் முடியவில்லை

வெள்ளவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பழைய ஐஸ் ஹொக்கிப் படமொன்று சுற்றுகிறது. கனடாவின் தடுப்பாட்டக்காரர் பொபி ஓர் அந்தரத்தில் கிடக்கிறார். ‘இந்த விழுகையோடு அவர் விளையாட்டு வாழ்க்கை முடிந்தது’ என்கிறது குறிப்பு. அது பொய்.

கைகளைப் பாருங்கள், வெற்றியில் உயர்ந்திருக்கின்றன. 1970 மே 10, பொஸ்டன். சென் லூயிஸ் அணிக்கு எதிராக மேலதிக நேரத்தின் 40ஆவது செக்கனில் கோலடித்து, தன் பொஸ்டன் அணிக்கு வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் சாம்பியன் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றுகொடுத்த நொடி அது. எதிரணி வீரர் நோயல் பிக்கார்ட் காலைத் தட்டிவிட்டதால்தான் பறக்கிறார். இத்தனை பெருமையான தருணத்தைச் சோகப் படமாக்கியது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் 1972இலும் கிண்ணம். 1974-75 பருவத்தில் 135 புள்ளிகளோடு (அடித்த கோல்களும் கோலுக்குச் செய்த உதவிகளும் சேர்ந்த கணக்கு) லீக்கிலேயே முதலிடம். தடுப்பாட்டக்காரர்களில் அந்த இடத்தைப் பிடித்தவர் இன்றுவரை இவர் ஒருவர்தான். அவரை நிறுத்தியது இடது முழங்கால். பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும் சரிவராமல் 1978இல் ஓய்வு பெற்றார்.