விரிச்சியை ஜோசியம் என்று சொல்லாதீர்கள்

முல்லைப்பாட்டில் வரும் 'விரிச்சி'க்கு 'அந்தக் காலத்து ஜோசியம்' என்று ஒரே வரியில் பொருள் சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஜோசியர் கட்டம் போடுவார், பலன் சொல்வார், தட்சணை வாங்குவார். கோடங்கி குறி சொன்னாலும் எதிரே இருப்பவருக்காகத்தான் சொல்கிறார். விரிச்சியோ, தற்செயலாகக் காதில் விழும் பிறர் பேச்சை நல்ல குறியா கெட்ட குறியா என்று எடுத்துக்கொள்வது. அதில், தன் பேச்சை ஒருவர் பலனாக எடுத்துக்கொள்ளப் போகிறார் என்பதே பேசுகிறவருக்குத் தெரியாது.

பாட்டையே பாருங்கள். தலைவன் போருக்குப் போயிருக்கிறான். மழைக்கால மாலை. முதிய பெண்கள் ஊர்ப்புறத்தே போய், நாழி நெல்லோடு முல்லைப் பூவையும் தூவிக் கும்பிட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே ஓர் இடைப்பெண், குளிரில் நடுங்கும் தோள்மேல் கைகளைக் கட்டியபடி. சின்னக் கயிற்றில் கட்டிய இளங்கன்று தாயைக் காணாமல் தவிக்கிறது. "இன்னே வருகுவர் தாயர்" என்கிறாள். இதோ வந்துடுவாங்க உங்க அம்மாக்கள், அவ்வளவுதான். கன்றுக்குச் சொன்ன ஆறுதல், கணவனுக்காகக் காத்திருப்பவளுக்கு நற்சொல்லாகப் போய்ச் சேர்கிறது.

எப்போதும் நல்லதே காதில் விழுந்ததா என்றால், இல்லை. புறநானூற்றின் 280ஆம் பாட்டில் கணவன் மார்பில் புண்ணோடு கிடக்கிறான். வீட்டில் விளக்கு நிற்காமல் அணைகிறது. நெல்லும் நீரும் தூவி விரிச்சி கேட்ட முதியவளின் "சொல்லும் நிரம்பா", காதில் விழுந்த சொல்லும் சரியாக அமையவில்லை, என்கிறாள் மனைவி. பாடிய புலவர் மாறோக்கத்து நப்பசலையார் அந்தப் பயத்தைப் பூசி மெழுகவில்லை. வெட்சித் திணையில் "பாக்கத்து விரிச்சி" என்று தொல்காப்பியமும் இதைச் சொல்கிறது. பகைவரின் ஆநிரையை, அதாவது பசுக்கூட்டத்தை, கவர்வதைப் பேசும் திணை அது. அங்கே கவரப் போகிறவர்கள் கேட்கிறார்கள்.

சொல் வழக்கொழிந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. "உன் வாய்முகூர்த்தம் பலிக்கட்டும்" என்கிறோம். "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று பிள்ளைகளைத் திருத்துகிறோம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து பெஞ்சில் யாரோ போனில் "இனிமே பயமில்லையாம்" என்று தன் வீட்டு ஆளைப் பற்றிச் சொன்னால், நம் மனசு அதை எட்டிப் பிடித்துக்கொள்கிறதே, அதுதான் விரிச்சி. நாளை நடப்பதை அது காட்டும் என்று நான் நம்பவில்லை. ஆனால் காத்திருப்பவரின் தவிப்பை இவ்வளவு நுட்பமாகப் பிடித்த ஒரு சொல்லை மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதி ஒதுக்க எனக்கு மனமில்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் முல்லைப்பாட்டு இருக்கிறது. அதை நடத்தும் ஆசிரியர்கள் அந்தப் புறநானூற்றுப் பாட்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.