மைக்க மாட்டுறதுக்குள்ள உயிரு போகுது

மூணு நாளா இதே பொழப்பா இருக்கு. வீட்லயே பாடி ரெக்கார்ட் பண்ணலாம்னு பழைய கம்ப்யூட்டர்ல மைக்க சொருகினா சத்தமே வரல, மேசைக்கு அடியில டார்ச் அடிச்சு பாத்தா நான் மாட்டினது நீல ஓட்டை, அது லைன் இன்னாம், வேற மிஷின்ல இருந்து வர்ற சத்தத்த உள்ள வாங்குறதாம், மைக்குக்கு ரோஸ் கலராம், சரின்னு மாத்தி சொருகினா உஸ்ஸுன்னு ஒரே இரைச்சல், என் குரல் எங்கயோ கெணத்துக்குள்ள இருந்து கேக்குது. நான் வாங்கினது ஸ்டுடியோல வெக்கிற மாதிரி கன்டென்சர் மைக், அதுக்கு கேபிள் வழியாவே 48 வோல்ட் கரன்ட் குடுக்கணுமாம், பேன்டம் பவர்னு பேரு, இந்த ஓட்டைல வர்றது சில வோல்ட்தான். இத டப்பா மேல பெருசா போட்டா என்ன கொறைஞ்சா போயிடும்? கூடவே கம்ப்யூட்டர்ல நேரா சொருகுற 3.5 எம்எம் கேபிள் வேற வெச்சு குடுக்குறாங்க, வாங்குறவங்க இதுவே போதும்னுதான நெனப்பாங்க! சரி, மைக்குக்கு அந்த பவரையும் குடுத்து சத்தத்த கம்ப்யூட்டருக்கு அனுப்புற ஆடியோ இன்டர்ஃபேஸ்னு ஒரு பெட்டி வாங்கலாம்னா, அத ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் என் பழைய விண்டோஸ்ல ஏறாதாம். நல்லா ஓடுற மிஷின தூக்கிப்போட எனக்கு மனசே வரல.