ஹோஸை மாட்டினால் மட்டும் ஸ்டாண்டர்ட் ஆகிவிடாது

நண்பரே, நிஸான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆரில் "பூஸ்ட் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, பழைய சொலினாய்டுக்கு அதே அளவு புது சிலிக்கான் ஹோஸ் போட்டால் போதும், கார் ஸ்டாண்டர்ட் ஆகிவிடும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். (பூஸ்ட் என்பது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்; கன்ட்ரோலர் அதைக் கூட்டப் பின்னால் மாட்டுவது; சொலினாய்டு அதற்காகக் கம்பெனியே போட்ட மின்வால்வு; ஸ்டாண்டர்ட் என்றால் கம்பெனி நிலை.) இதை நம்பி யாராவது செய்தால் டர்போ போய்விடும்.

கம்பெனி போட்ட ஹோஸ் ஒன்றில், மஞ்சள் அடையாளத்தோடு, உள்ளே சின்னதாக ஒரு ரெஸ்ட்ரிக்டர், அதாவது காற்றோட்டத்தைக் குறுக்கும் சிறு துளையுள்ள அடைப்பு, இருக்கும். வேஸ்ட்கேட்டை (புகையை டர்பைனைத் தொடாமல் விலக்கிவிட்டு பூஸ்ட் ஏறாமல் தடுக்கும் கதவு) திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தில் சொலினாய்டு எவ்வளவு கசியவிடலாம் என்பதை அந்தச் சிறு துளைதான் கட்டுப்படுத்துகிறது. அது இல்லாவிட்டால் காற்று அதிகமாகக் கசியும், வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும், சுமார் 0.7 பாரில் நிற்க வேண்டிய பூஸ்ட் 1 பார் வரை ஏறும். இந்தக் காரின் ஒரிஜினல் டர்போவில் டர்பைன் சக்கரம் செராமிக். அந்த அழுத்தத்தில் தொடர்ந்து ஓட்டினால் சக்கரம் தண்டிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. பழைய ஹோஸைத் தூக்கி எறியுமுன் தயவுசெய்து உள்ளே பாருங்கள்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மிஞ்சும் அழுத்தத்தை விடுவிக்கும் பிளோ-ஆஃப் வால்வு, வெளியே காற்றை விடும் வகை என்றால் அதையும் மாற்றியாக வேண்டும். ஏர்ஃப்ளோ மீட்டர்கள் ஏற்கெனவே அளந்துவிட்ட காற்று அது. அது மறுபடி டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்கே திரும்பாவிட்டால், இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் பாயும். கியர் மாற்றும்போது கார் திணறும், சிலசமயம் அணைந்தும் போகும்.

எல்லாம் மாட்டிய பிறகு பூஸ்ட் கேஜைப் பார்த்துக்கொண்டே நிதானமாக ஒரு ஓட்டம் ஓட்டுங்கள், 0.7-ஐத் தாண்டி ஏறினால் உடனே காலை எடுத்துவிடுங்கள்.