நடு ரோட்டில் நிற்கிற கிளர்ச்சிப் படை

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை. வெள்ளவத்தையில் வீட்டை விட்டு இறங்க ஏலாது என்றபடியால் பழைய மெடீவல் டூ டோட்டல் வோரைத் திரும்பப் போட்டேன். 2006இல் வந்த, படை திரட்டி நாடு பிடிக்கிற கேம், என்ர பழைய லப்டொப்பும் முனகாமல் ஓட்டும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பி பத்து நிமிடத்தில் கேட்டான்: "அண்ணா, இவங்கள் ஏன் நடு ரோட்டில சும்மா நிக்கிறாங்கள்? 100ஆம் நம்பர் பஸ்ஸுக்கா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவன் கேட்டதில் பிழையே இல்லை. இந்தக் கேமில் கிளர்ச்சிப் படை என்பது திடீரென்று ஒரு சந்தியில் முளைக்கும், அவ்வளவுதான். அது நிற்கிற இடத்தில் வியாபாரம் குறையும், வயல் பாழாகும், ஆனால் படை மட்டும் அசையாது. நாலு அடி தள்ளி ஆளில்லாத கோட்டை இருந்தாலும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. நாங்கள் எப்போது வசதிப்படுகிறதோ அப்போது போய் அடிப்போம், தளபதிக்கு அனுபவம் கூடும், சரி, அடுத்த சுற்று. நேர்மையாகச் சொன்னால் அது எதிரி இல்லை, பயிற்சிப் பொம்மை.

பின்னால் வந்தவை கொஞ்சம் பரவாயில்லை. அதே டோட்டல் வோர் வரிசையில் வந்த ரோம் டூவில் கிளர்ச்சிப் படை ஒரு மூலையில் நின்று சுற்றுக்குச் சுற்று ஆள் சேர்த்து, பிறகு நகரத்தின் மேல் பாயும். யூரோப்பா யூனிவர்சாலிஸ் நாலு என்ற இன்னொரு நாடாளுகிற கேமில் கிளர்ச்சிக்காரருக்குக் காரணமே உண்டு: ஒரு கூட்டத்துக்குத் தனிநாடு வேண்டும், இன்னொன்றுக்கு அரியணையில் வேறு ஆள் வேண்டும், இன்னொன்றுக்கு மதம். எழும்ப முன்னமே கோரிக்கையை ஏற்றுச் சமாதானமாகவும் போகலாம். இதெல்லாம் நல்ல விசயம்தான். ஆனால் அதே கேம் எத்தனை வீதம் கொதித்திருக்கிறது என்று ஒரு கோடு போட்டும் காட்டுகிறது. பத்துப் பத்தாக ஏறும், தொண்ணூறு ஆனதும் நான் அந்த மாகாணத்தில் படையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போவேன். முகூர்த்தம் பார்த்துக் கிளர்ச்சி செய்கிற சனம் எங்கே இருக்கிறது சொல்லுங்கள்?

நாங்கள் இருக்கிற நாட்டில் கிளர்ச்சி என்ற சொல்லைப் பகிடியாகச் சொல்ல வாய் கொஞ்சம் கூசும். அதனால் அண்மைக்காலத்துக்கு வரவில்லை, பாடப்புத்தகத்தில் நாங்கள் எல்லோரும் படித்ததையே எடுக்கிறேன். 1848 மாத்தளைக் கிளர்ச்சி. துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, அதோடு ரோட்டு வேலைக்கும் வா என்று பிரிட்டிஷ்காரர் சொன்னபோது சனம் எழும்பிச் சந்தியில் போய் நிற்கவில்லை. நேரே கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்குப் போனார்கள். வரிக் கணக்குகளை அழித்தார்கள். தங்கள் தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்குத் தம்புள்ளையில் முடி சூட்டினார்கள். எது தங்களை வருத்தியதோ அதைத் தேடிப் போய் அடித்தார்கள். கேம் செய்கிறவர்களிடம் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான். வரி கூட்டினேன் என்றால் கிளர்ச்சிக்காரன் என்ர வரி அலுவலகத்தைத் தேடி வரவேணும். கோயிலை இடித்தேன் என்றால் வேறு எங்கேயோ வரவேணும். எல்லாக் கோபமும் ஒரே மாதிரி ஈட்டி பிடித்த ஆயிரம் பேராக ஏன் வருகிறது?

1818 இதைவிடச் சுவாரசியம். ஊவாவில் எழும்பிய கிளர்ச்சியை அடக்கத்தான் கெப்பெட்டிபொல என்ற கண்டித் திசாவையை (மாகாணத் தலைவரை) பிரிட்டிஷ்காரர் அனுப்பினார்கள். அவர் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டு, அவர்கள் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவைத்தார்! அதற்கும் முன்னால், 1630இல் ரந்தெனிவெலவில், போர்த்துக்கேயத் தளபதி நம்பிக் கூட்டிக்கொண்டு போன லஸ்கரின் படை, அதாவது அவர்களுக்காகச் சண்டை பிடித்த உள்ளூர்ப் படை, போர்க்களத்திலேயே கட்சி மாறியது. தளபதி அங்கேயே செத்தார். மெடீவல் டூவிலும் விசுவாசம் குறைந்த தளபதி கட்சி மாறுவார், இல்லை என்று சொல்லவில்லை. மாறி என்ன செய்வார்? அவரும் போய் ரோட்டில் நிற்பார்.

இதற்குள் ஒரு வாக்குமூலமும் சொல்லவேண்டும். 2004இல் வந்த முதல் ரோம் டோட்டல் வோரில் ஒரு பழைய தந்திரம் உண்டு. கார்த்தேஜ் மாதிரிச் சனம் கூடிய நகரம் அடங்கவில்லை என்றால் படையை வெளியே எடுத்து, வரியைக் கூட்டி, வேண்டுமென்றே கிளர்ச்சி செய்ய விட்டு, பிறகு திரும்பப் பிடித்து, அழி என்ற பொத்தானை அமுக்குவது. காசும் வரும், நகரமும் அடங்கும். நான் அதைப் பல தடவை செய்திருக்கிறேன், கை நடுங்காமல். தம்பிக்கு அதைக் காட்டியபோது மட்டும் ஏனோ வெட்கமாக இருந்தது. "அந்தச் சனம் எங்க போகும்?" என்று கேட்டான். எங்கேயும் போகாது, எண்ணிக்கை குறையும் என்றேன். ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனான்.

கிளர்ச்சிக்காரர் வெல்லவேண்டும் என்று நான் கேட்கவில்லை, தோற்கட்டும். ஆனால் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் காட்டுக்குள் போகட்டும், ஊருக்குள் கலையட்டும், பக்கத்து நாட்டு ராசாவிடம் காசு கேட்கட்டும். நான் அடக்க அனுப்பிய தளபதி ஒருநாள் என்ர ஆயுதங்களைக் கட்டித் திருப்பி அனுப்பட்டும். அப்படி ஒரு கேம் வந்தால் தோற்றுத் தோற்றே ஆடுவேன். இப்போதைக்கு அந்தப் படை சந்தியில்தான் நிற்கிறது. சேவ் பண்ணிவிட்டுப் படுத்துவிட்டேன்.