பதினான்கு நொடி அழைப்பு

2019 ஜூன் 7. பாரிஸ், பார்க் தெ பிரின்ஸ் மைதானம். சொந்த மண்ணில் நடந்த மகளிர் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே பிரான்ஸ் தென்கொரியாவை 4-0 என்று சுருட்டி வைத்தது. யூஜெனி லெ சொமெர் ஒன்று, வென்டி ரெனார் தலையால் முட்டி இரண்டு, கேப்டன் அமண்டின் ஆன்ரி ஒன்று. இந்த மூன்று பெயர்களையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நான்கு வருடத்துக்குள் ஆன்ரிக்கும் லெ சொமெருக்கும் அணியில் இடம் இல்லாமல் போனது. ரெனார் தானாகவே விலகிக்கொண்டார். மூன்று பேர் விஷயத்திலும் பயிற்சியாளர் ஒருவரே, பிரான்ஸ் மகளிர் அணியை அப்போது நடத்திய கோரின் தியாக்ர்.

இவருக்காக நான் நிறைய வாதாடியிருக்கிறேன். பெண் என்பதால்தான் இந்த அடி அடிக்கிறார்கள் என்று சண்டையே போட்டிருக்கிறேன். இப்போது அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

ஆட்டக்காரராக அவரைப் பற்றி யாருக்கும் புகார் இருக்க முடியாது. ஆங்குலேம் நகரை ஒட்டிய சின்ன ஊர் சுவாயோ. 1988-ல், 14 வயதில் அந்த ஊர் கிளப்பில் சேர்ந்தவர், 2007-ல் ஆட்டத்தை விடும்வரை வேறு கிளப் சட்டையே போடவில்லை. தற்காப்பின் நடுவில் நிற்கும் டிஃபெண்டர், பிரான்ஸுக்காக 121 ஆட்டங்கள். டிஃபெண்டரின் வேலையே விநோதமானது. அவர் நன்றாக ஆடினால் ஒன்றுமே நடக்காது. நடக்காத கோலுக்கு யார் கைதட்டுவார்கள்? ஆனால் இவருக்குக் கைதட்டல் கிடைத்த நாள் ஒன்று உண்டு. 2002 நவம்பர், சாந்த் எத்தியேன். 20,000 பேருக்கு மேல் பார்க்க, இங்கிலாந்துக்கு எதிரான தகுதிச் சுற்றில் 1-0 வெற்றி. அந்த ஒரு கோல் தியாக்ர் அடித்தது. பிரான்ஸ் மகளிர் அணி முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனது அப்படித்தான்.

அப்புறம் வந்தது கிளேர்மோன். என்னைக் கேட்டால் இவருடைய வாழ்க்கையில் உண்மையான அதிசயம் இதுதான். பிரெஞ்சு ஆண்கள் கால்பந்தின் இரண்டாம் டிவிஷன் கிளப் அது. 2014-ல் முதலில் போர்ச்சுகலின் எலெனா கோஸ்டாவைப் பயிற்சியாளராக அறிவித்தார்கள். தன்னைக் கேட்காமலே ஆட்டக்காரர்களை எடுக்கிறார்கள், நட்பு ஆட்டங்களை ஏற்பாடு செய்கிறார்கள் என்று அவர் வேலை தொடங்கும் முன்பே கிளம்பிவிட்டார். கிளப் தலைவரோ, அவர் போனதற்குக் காரணம் தேடும்போது அவர் பெண் என்பதையும் இழுத்துப் பேசினார். அந்த நாற்காலியில்தான் சில நாட்களில் தியாக்ர் வந்து உட்கார்ந்தார். ஆண்களின் தொழில்முறை அணிகளை நடத்துவதற்கான பிரெஞ்சுப் பயிற்சியாளர் உரிமத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அதாவது விளம்பரத்துக்காகக் கொண்டுவந்து வைக்கப்பட்டவர் இல்லை, படித்துவிட்டு வந்தவர்.

முதல் லீக் ஆட்டம் பிரெஸ்ட் நகரில், ஆகஸ்ட் 4. அன்று அவருக்கு 40-வது பிறந்தநாள். பூங்கொத்து கொடுத்தார்கள், ஆட்டத்தில் 2-1 என்று தோற்கடித்தும் அனுப்பினார்கள். இதற்கு முன் 1999-ல் இத்தாலியில் கரோலினா மொராச்சே மூன்றாம் டிவிஷன் ஆண்கள் அணி ஒன்றுக்குப் பயிற்சியாளராகி இரண்டே ஆட்டத்தில் விலகியிருந்தார். தியாக்ரோ மூன்று முழு சீசன் நின்றார். பணம் இல்லாத கிளப்பை இரண்டாம் டிவிஷனிலிருந்து விழவிடாமல் காத்தார். இரண்டாவது சீசனில் ஏழாவது இடம். அதிகம் பேசமாட்டார், சிரிக்கமாட்டார், யாருக்கும் விளக்கம் சொல்லமாட்டார். எப்போது தடுக்கி விழுவார் என்று கேமராக்கள் காத்திருந்த இடத்தில் அந்த மௌனம் அவருக்குக் கவசம். வேறு எப்படி இருந்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

பிரச்சினை என்னவென்றால், 2017-ல் தேசிய மகளிர் அணிக்கு வந்தபோதும் அதே கவசத்தோடு வந்தார்.

வந்தவுடன் ரெனாரிடமிருந்து கேப்டன் பொறுப்பை எடுத்து ஆன்ரிக்குக் கொடுத்தார். சரி, அது பயிற்சியாளரின் உரிமை. 2019 உலகக் கோப்பை அணியில் அந்த சீசனில் பிரெஞ்சு லீகிலேயே அதிக கோல் அடித்த கடோட்டோவைச் சேர்க்கவில்லை. அதுவும் உரிமைதான். காலிறுதியில் அமெரிக்காவிடம் 2-1 என்று தோற்றார்கள். அந்த அமெரிக்க அணியிடம் யார்தான் தோற்கவில்லை? ஆனால் 2020-ல் ஆன்ரி தொலைக்காட்சியில் சொன்னதைக் கேட்டபோது எனக்கு முதல் தடவையாக வாயடைத்துப் போனது. அணியில் இடம் இல்லை என்று கேப்டனுக்குத் தெரிவித்த அந்தத் தொலைபேசி அழைப்பு 14, 15 நொடிகள்தான் நீடித்ததாம். உலகக் கோப்பையின்போது ஆட்டக்காரர்கள் அறைகளில் அழுததைப் பார்த்தேன் என்றும் சொன்னார். கேப்டனை நீக்கலாம். ஆனால் பதினான்கு நொடியிலா?

‘ஆண் பயிற்சியாளர் என்றால் கறார் என்பீர்கள், பெண் என்றால் கொடுமைக்காரி என்பீர்கள்’ என்பதுதான் என்னுடைய பழைய வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2025 யூரோவுக்கு, அதாவது ஐரோப்பியக் கோப்பைக்கு, பிரான்ஸ் மகளிர் அணியின் ஆண் பயிற்சியாளர் லொரான் பொனதெய் இதே ரெனாரையும் லெ சொமெரையும் விட்டுவிட்டுத்தான் போனார். முணுமுணுப்பு வந்தது, ஆனால் அணி உடையவில்லை. அதே சமயம், ஆண் பயிற்சியாளர் என்பதற்காக பிரெஞ்சு ஆட்டக்காரர்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2010-ல் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையின்போது தொமெனெக் பயிற்சியளித்த பிரான்ஸ் ஆண்கள் அணி பயிற்சிக்கு மறுத்து பேருந்துக்குள் உட்கார்ந்துகொண்டதை உலகமே பார்த்தது. ஆக, இதை முழுக்க ஆண்-பெண் கணக்கில் எழுதிவிட முடியவில்லை. நான் திரும்ப வாங்கிக்கொள்ளும் பாதி இதுதான். கிளேர்மோனில் எதிரிகள் வெளியே இருந்தார்கள். தேசிய அணியில் எதிரே நின்றவர்கள் தன் சொந்த ஆட்டக்காரர்கள். வித்தியாசம் தெரியாமல் இருவரிடமும் ஒரே மாதிரி கோட்டை கட்டினார்.

இதில் பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பு மட்டும் எப்படித் தப்பித்தது என்று எனக்குப் புரியவே இல்லை. 2022 யூரோவில் பிரான்ஸ் முதன்முறையாக அரையிறுதி போனது. ஆன்ரியும் லெ சொமெரும் இல்லாமலேதான். ஜெர்மனியிடம் 2-1 தோல்வி. உடனே ஒப்பந்தத்தை 2024 வரை நீட்டினார்கள். உள்ளே என்ன புகைகிறது என்று வருடக்கணக்காகத் தெரிந்தவர்கள் முடிவு நன்றாக இருக்கிறதே என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். 2023 பிப்ரவரியில் ரெனார் ‘என் மன நலம் முக்கியம், உலகக் கோப்பைக்கு வரமாட்டேன்’ என்ற பொருளில் அறிவித்தார். முன்கள ஆட்டக்காரர்கள் தியானியும் கடோட்டோவும் பின்னாலேயே விலகினார்கள். அப்போதுதான் தூக்கம் கலைந்தது. மார்ச் 8 அன்று, தன்மீது அவதூறுப் பிரச்சாரம் நடக்கிறது, நான் தொடர்வேன் என்றார் தியாக்ர். மார்ச் 9 அன்று அவரை நீக்கினார்கள்.

அவருக்குப் பதில் வந்த எர்வே ரெனார் முதல் காரியமாக ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார். (வென்டிக்கும் இவருக்கும் உறவு எதுவும் இல்லை, குடும்பப் பெயர் மட்டும்தான் ஒன்று.) அந்த உலகக் கோப்பையும் காலிறுதியோடு முடிந்தது, ஆஸ்திரேலியாவிடம் பெனால்டியில். அதாவது தியாக்ர் 2019-ல் போன அதே தூரம்.

ஆனால் அதற்கு முன்னால் பிரிஸ்பேனில் பிரேசிலோடு நடந்த ஆட்டம்தான் என் மனதில் நிற்கிறது. 2-1. முதல் கோல் லெ சொமெர், 17-வது நிமிடம். பிரேசில் சமன் செய்தது. 83-வது நிமிடத்தில் ஒரு கார்னர். பெட்டிக்குள் யாரும் பிடிக்காமல் விட்ட வென்டி ரெனார் வந்து தலையால் முட்டினார். தியாக்ர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தாரா என்று அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.